தாய்மாமன் வைத்த பிளெக்ஸ்

1. சனிக்கிழமை, பத்து நாற்பது

ஜமீலாக்கா என்னைக் கூப்பிட்டது காலை பத்து நாற்பதுக்கு. அந்த அழைப்பை என் போனிலிருந்து நான் இன்னும் அழிக்கவில்லை. மறுநாள் வீட்டில் விசேஷம். முறுக்குக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தேன். மாவுக் கையோடு புறங்கையால் தள்ளி ஸ்பீக்கரில் போட்டேன்.

"ஏம்மா சாந்தாமணி, எங்க இருக்க?"

"ஊட்லதானுங்க்கா. நாளைக்கு விசேசமில்லீங்களா, பலகாரம் சுடறனுங்."

"பலகாரம் கெடக்கட்டும். உங்க ஊரு முக்குல ஒரு போர்டு நிக்கிதே, அது யாரு வச்சது? எங்க மருமவன் அந்த வழியா வந்தவன் போட்டோ எடுத்து அனுப்பிருக்கான். உனக்கு அனுப்பிருக்கேன், பாரு."

பார்த்தேன். பால் சொசைட்டி பக்கத்தில், பஸ் நிற்கும் இடத்தில், ஆள் உயரத்துக்கு மேல் ஒரு பிளெக்ஸ். பச்சைப் பட்டுப் பாவாடையில் எங்கள் பாப்பா சிரித்துக்கொண்டிருந்தாள். 'பூப்புனித நீராட்டு விழா' என்று மேலே எழுதியிருந்தது. போர்டில் பாதியை என் தம்பி செந்தில் எடுத்துக்கொண்டிருந்தான். கறுப்புக் கண்ணாடி, கும்பிட்ட கை. அவன் காலடியில் 'தாய்மாமன்' என்று கொட்டை எழுத்து. அதற்கும் கீழே அவனுடைய மோட்டார் ரீவைண்டிங் கடையின் பெயர், போன் நம்பர்.

"நீதான் வைக்கச் சொன்னியா?" என்றார் ஜமீலாக்கா.

"சத்தியமா எனக்குத் தெரியாதுங்க்கா. போட்டோ மட்டும் கேட்டான், அனுப்புனேன்."

"சரி, மொதல்ல அத எறக்கு. எறக்கிட்டு அப்புறம் அழுவலாம்."

நான் அதுவரை அழவில்லை. அவர் சொன்ன பிறகுதான் அழுதேன்.

பாப்பா நாங்கள் பெற்ற குழந்தை இல்லை. போஸ்டர் கேர் என்ற முறையில், வளர்க்கும்படி அரசாங்கம் எங்களிடம் ஒப்படைத்த குழந்தை. ஜமீலாக்காவும் எங்களைப் போல வளர்ப்பவர்தான். அவளுடைய பெயரோ முகமோ பொதுவில் வரக் கூடாது என்பது சட்டம். அவளுக்கு ஆபத்தும்கூட. குடித்துவிட்டு அவளை அடித்த அப்பா எங்கே இருக்கிறார் என்று யாருக்கும் தெரியாது. இவள் எங்கே இருக்கிறாள் என்று அவருக்கும் தெரியாமல் இருக்க வேண்டும். அதனால்தான் இந்தக் குறிப்பிலும் பாப்பா என்று மட்டும் எழுதுகிறேன். மற்றவர்களின் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். ஊரைக் கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே, தமிழ்நாட்டு எல்லை ஓரம் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

2. "இது போர்டுங் மச்சான்"

என் வீட்டுக்காரர் தேங்காய்க் குலை வெட்டும் அரிவாளை எடுத்துக்கொண்டு பைக்கைக் கிளப்பினார். நான் கை கழுவாமலே பின்னால் ஏறினேன். ஊரில் பார்த்தவர்கள் சொத்துத் தகராறு என்றுதான் நினைத்திருப்பார்கள்.

செந்தில் போர்டுக்கு அடியில் நின்று நாலு பேரிடம் பாராட்டு வாங்கிக்கொண்டிருந்தான்.

"ஏன் மாப்ள, உன்ர மூஞ்சிய இத்தாச்சோடு பெருசாப் போடோணுமா?" என்று கேட்டபடியே இவர் கயிற்றை வெட்ட ஆரம்பித்தார்.

"மச்சான், மச்சான், என்னுங் பண்றீங்க! நேத்து ராத்திரிதானுங் வந்துச்சு பிளெக்ஸு."

"பாப்பா போட்டோவ வெளிய போடக்கூடாதுன்னு தெரியாதா உனக்கு?"

"அது பேஸ்புக்லதானுங்களே? அக்காதான் சொல்லுச்சு, பேஸ்புக்ல போட்டுறாதடான்னு. நான் போடலீங். இது போர்டுங் மச்சான்."

அவன் என்னைப் பார்த்து, குரலை இறக்கிச் சொன்னான்.

"ஊர்ல எல்லாப் புள்ளைக்கும் மாமன் போர்டு வெக்கறான். நம்ம பாப்பாவுக்கு மட்டும் வெக்காம உட்டா, வளக்கற புள்ளதானேன்னு உட்டுட்டாங்கன்னு நாளைக்கு நாலு பேரு பேசுவாங்க்கா. அது காதுல உழுகாதா?"

அவன் அன்பாகத்தான் வைத்தான். பேஸ்புக்கில் போடாதே என்று நான் சொன்னதும் உண்மை. எங்கள் பக்கத்தில் வயதுக்கு வந்த பெண்ணுக்கு மாமன் போர்டு வைப்பது வாசலில் கோலம் போடுவது போல. அதை யாரும் 'வெளியிடுவது' என்று நினைப்பதில்லை. வளர்ப்புப் பெற்றோருக்கான முதல் பயிற்சியில் பேஸ்புக், இன்ஸ்டாகிராம் என்றெல்லாம் சொன்னார்கள். பிளெக்ஸ் என்று சொன்னார்களா என்பது எனக்கு நினைவில்லை.

போர்டு பாதி மடங்கித் தொங்கிக்கொண்டிருந்தபோது செந்திலின் போன் அடித்தது. கடைக்கு வரும் அழைப்பு என்று நினைத்து ஸ்பீக்கரில் போட்டான்.

"வணக்கமுங், மோட்டாருங்களா, பம்பு செட்டுங்களா?"

"மோட்டாருமில்ல, ஒண்ணுமில்ல. கூலிங்கிளாசு போட்டுக்கிட்டுத் தாய்மாமன்னு நிக்கிறது நீதானா?"

"ஆமாங். நீங்க யாருங்?"

"நாந்தாண்டா தாய்மாமன்."

போர்டு பார்க்க நின்றவர்கள் ஒவ்வொருவராக நகர்ந்தார்கள். செந்தில் போனைக் காதில் வைக்கவும் தெரியாமல், நிறுத்தவும் தெரியாமல் நின்றான்.

"எந்தங்கச்சி மவளுக்குச் சடங்கு. எனக்கு ஒரு வார்த்த இல்ல. எங்க எஸ்டேட்டு லயம் பூராம் இந்தப் போட்டோதான் சுத்துது. எவனோ ஒருத்தன் மாமன்னு நிக்கிறான், நீ எங்கடா போனன்னு என்னய கேக்குறாங்க. புள்ளய வளக்கத்தான குடுத்தோம்? வித்துட்டமா?"

அழைப்பு துண்டானது. பிறகு தெரிந்தது: பிளெக்ஸ் அடித்த கடைக்காரர் தன் வேலை நன்றாக வந்திருக்கிறது என்று அதை வாட்ஸாப் ஸ்டேட்டஸில் வைத்திருக்கிறார். பாப்பா பிறந்த மூணாறு பக்கத்து எஸ்டேட் பையன் ஒருவன், பொள்ளாச்சியில் வேலை செய்கிறவன், அதைப் பார்த்திருக்கிறான். நம்ம லயத்துப் புள்ளதானே என்று ஊருக்கு அனுப்பியிருக்கிறான். நாங்கள் கயிற்றை வெட்டுவதற்கு முன்பே படம் மலை ஏறிவிட்டது.

3. எதைக் கேட்டாலும் சரி

நாங்கள் எப்படி இந்த வேலைக்கு வந்தோம் என்று சொல்ல வேண்டும். வேலை என்றே சொல்கிறேன். முதலில் நாங்கள் அப்படி நினைக்கவில்லை.

எங்கள் மகன் வேலைக்குப் பெங்களூர் போன பிறகு, தோட்டத்து வீட்டில் நானும் இவரும் மட்டும். நான் பி.காம். படித்துவிட்டுப் பால் சொசைட்டியில் கணக்கு எழுதியவள். அங்கே நோட்டீஸ் போர்டில் வளர்ப்புப் பெற்றோர் தேவை என்று ஒட்டியிருந்ததைப் பார்த்துத்தான் மனுப் போட்டோம். வீடு பார்க்க வந்தார்கள், விசாரித்தார்கள், பாலக்காட்டில் இரண்டு நாள் பயிற்சி கொடுத்தார்கள். தேவிகுளம் பக்கத்து எஸ்டேட்டிலிருந்து ஒரு பெண் குழந்தை ஹோமில் இருக்கிறாள், தமிழ் பேசும் வீடும் தமிழ்ப் பள்ளிக்கூடமும் வேண்டும் என்று தேடிக்கொண்டிருக்கிறார்கள் என்றார்கள். அப்படித்தான் ஒன்பது வயதில் பாப்பா வந்தாள்.

அவளைப் பெற்ற அம்மா இறந்துவிட்டார். அம்மாவின் அண்ணன், அதாவது தாய்மாமா, மூணாறில் ஜீப் ஓட்டுகிறவர். மாட்டுப்பட்டிக்குச் சுற்றுலாக்காரர்களை ஏற்றிப் போவார். எஸ்டேட் வரிசை வீட்டை அங்கே லயம் என்பார்கள். ஒரு அறையும் அடுப்படியும். அதில் அவர், மனைவி, பிள்ளைகள், மாமியார். தன்னால் வைத்துக்கொள்ள முடியாது என்று எழுதிக் கொடுத்திருந்தார். பாப்பா எங்களிடம் வந்த புதிதில் ஒரு தடவை வந்து பார்த்தார். பிறகு வரவில்லை. பாப்பாவும் அவரைப் பற்றிப் பேசவில்லை. அவளுக்குப் பழகிவிட்டது என்று நாங்கள் சந்தோஷப்பட்டோம்.

பயிற்சி அந்த இரண்டு நாளோடு முடியாது. மாதம் ஒரு சனிக்கிழமை வளர்ப்புப் பெற்றோர் எல்லோரும் கூட வேண்டும். முதல் தடவை கேட்டதும் இவர் சிரித்தார்.

"ஒரு பையன வளத்தி ஆளாக்கியாச்சு. இனி புள்ள வளக்கறதுக்குக் கிளாஸாக்கும்?"

ஆனாலும் போனோம். எங்களுக்குப் பொறுப்பான சமூகப் பணியாளர் சிந்து மேடம் மலையாளி. தமிழர்களிடம் தமிழும் மலையாளமும் கலந்து பேசுவார். ஒரு வகுப்பில், குழந்தைகளைப் பற்றி ஏதாவது சொல்லுங்கள் என்றார். நான் பெருமையாகச் சொன்னேன்.

"எங்க பாப்பா எதக் கேட்டாலும் சரின்னுதானுங் சொல்லும். தோசையா இட்லியான்னு கேட்டாலும் சரின்னு சொல்லும்."

எல்லோரும் சிரித்தார்கள். மேடம் சிரிக்கவில்லை.

"சேச்சி, எதுக்கும் சரி சொல்ற குட்டி இன்னும் விருந்தாளி. வேண்டான்னு சொல்லட்டும். அன்னிக்குத்தான் அவள் வீட்டுக்கு வந்தாள்னு அர்த்தம்."

பக்கத்தில் இருந்தவர்தான் ஜமீலாக்கா. புதுநகரத்துக்காரர். தமிழ் பேசும் ராவுத்தர் குடும்பம். எங்களுக்கு முன்பிருந்தே ஒரு பையனை வளர்க்கிறார்.

"எம் பையன் மொத மொத என்னயப் போடீன்னான்," என்றார். "நான் அன்னைக்குப் பிரியாணி ஆக்குனேன்."

அன்றிலிருந்து அவரும் நானும் சிநேகம். வகுப்புக்குத்தான் ஒழுங்காகப் போகவில்லை. தேங்காய் போடும் ஆள் கிடைப்பதே அரிது. அவர் வருகிறேன் என்று சொல்லும் நாள் சனிக்கிழமையாகவே இருக்கும். கடைசி இரண்டு வகுப்புகள் அப்படிப் போயின. அதில் ஒன்று, வளரும் பெண் குழந்தைகளைப் பற்றி. சடங்கு வைக்கலாமா, யாரைக் கேட்க வேண்டும், படம் எடுத்தால் என்ன செய்ய வேண்டும் என்று எல்லாம் பேசியிருக்கிறார்கள். ஜமீலாக்கா போன் செய்து, "கிளாசு முடியிறதுக்குள்ள வந்து கேட்டுட்டாவது போம்மா" என்றார். களத்தில் தேங்காய் எண்ணிக்கொண்டிருந்தேன். அடுத்த மாதம் பார்க்கலாம் என்றேன்.

பாப்பா ஏழாம் வகுப்பில் இருக்கும்போது வயதுக்கு வந்தாள். "ஊட்டோட சின்னதா சீர் பண்ணலாமா கண்ணு?" என்று கேட்டேன்.

"சரிங்கம்மா," என்றாள்.

4. வேறு வார்த்தை

சிந்து மேடத்துக்கு நான்தான் போன் செய்தேன். செய்வதற்கு முன் கொஞ்ச நேரம் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். போர்டை இறக்கியாகிவிட்டது, யாரும் பார்க்காமல் போய்விடும், எதற்குச் சொல்ல வேண்டும் என்ற எண்ணமும் வந்தது. ஜமீலாக்கா விடவில்லை. "நீ சொல்லி அவுங்களுக்குத் தெரியிறது வேற, அவுங்களாத் தெரிஞ்சுக்கிறது வேற" என்றார்.

லீவு நாளாக இருந்தும் மதியமே வந்துவிட்டார் மேடம். உட்காருமுன் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியைக்குப் போன் செய்து, எங்களைத் தவிர யார் வந்தாலும் குழந்தையை அனுப்ப வேண்டாம் என்றார். உள்ளூர் ஸ்டேஷனுக்கும் சொன்னார். பிளெக்ஸ் கடைக்காரரிடம் பேசிப் படத்தை அழிக்க வைத்தார். அதற்குப் பிறகுதான் தண்ணீர் வாங்கிக் குடித்தார்.

"சேச்சி, நான் ரிப்போர்ட் எழுதணும். எழுதாம இருக்க எனக்குப் பற்றாது, முடியாது."

"எழுதுனா பாப்பாவக் கூட்டீட்டுப் போயிருவாங்களாங்?"

"குழந்தைகள் நலக் கமிட்டிதான் தீருமானிக்கும். நான் பொய் சொல்ல மாட்டேன். போர்டுக்காக மட்டும் கொண்டுபோவாங்கன்னு தோணல. ஆனா அந்த அம்மாவன், மாமன், குட்டியை நான் வச்சுக்கறேன்னு சொன்னால், கமிட்டி அதைத்தான் முதல்ல பார்க்கும். சொந்தம்னு ஒருத்தர் இருந்தா அவங்களுக்குப் பிறகுதான் நம்ம."

இவர் எழுந்து மாட்டுத் தொழுவத்துப் பக்கம் போய்விட்டார். செந்தில் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

பாப்பா டியூஷன் முடிந்து வந்தாள். மேடம் அவளைத் தென்னந்தோப்புக்குள் கூட்டிப் போனார். வாய்க்கால் மேட்டில் உட்கார்ந்தார்கள். என்னையும் வரச் சொன்னார், பேச வேண்டாம், கேட்டால் போதும் என்றார்.

"முக்குல இருந்த போர்டு கண்டியா மோளே?"

"காலைலயே பாத்தேன்."

பார்த்துவிட்டுத்தான் டியூஷனுக்குப் போயிருக்கிறாள்.

"இஷ்டப்பட்டதா?"

"அம்மா வச்சாங்கன்னு நெனச்சேன். சரின்னு விட்டுட்டேன்."

"நாளைக்கு பங்ஷன் வேணுமா?"

"சரி."

"சரி வேண்டாம். வேற ஒரு வார்த்தை சொல்லு. எதானாலும் ஆகட்டும்."

தென்னை ஓலையைக் கிழித்துக்கொண்டே இருந்தாள். நான் வாயைத் திறக்கப் போனேன். மேடம் கையைக் காட்டினார்.

"மாமாவுக்குத் தெரியுமா?" என்றாள் பாப்பா.

"ஏங்கண்ணு, செந்தில் மாமாதானே போர்டே…" என்று ஆரம்பித்துவிட்டேன்.

"அந்த மாமா இல்ல. எங்க மாமா."

எங்க மாமா என்றதும் அவள் என்னைப் பார்த்தாள். தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்று பார்த்தாள். மூன்று வருஷமாக அவள் கேட்காமல் இருந்தது மறந்ததால் அல்ல. கேட்டால் எங்களுக்கு வருத்தமாக இருக்கும், வருத்தப்பட்டால் திரும்ப ஹோமுக்கு அனுப்பிவிடுவோம் என்றுதான் கேட்கவில்லை. இதை அவளாகவே மேடத்திடம் சொன்னாள். ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள்.

அன்று சாயங்காலமே மேடம் அந்த மாமாவிடம் பேசினார். முதலில் கத்தினாராம். பிறகு சொன்னாராம்: "நான் பாக்கப் போனப்ப, புள்ள பழகட்டும், கொஞ்ச நாள் கழிச்சு வாங்கன்னு அந்த வீட்டய்யா சொன்னாரு. எங்களுக்கு ஆபீசுல அப்புறம் வான்னா, வராதன்னுதான் அர்த்தம். அதான் போகல."

அந்த வீட்டய்யா என் வீட்டுக்காரர்தான். அன்றைக்கு மாமா கிளம்பும்போது பாப்பா விடாமல் அழுதாள். அதைப் பார்க்க முடியாமல் இவர் சொன்ன வார்த்தை அது. அதற்குப் பிறகு மாமா வராததைப் பற்றி நாங்கள் யாரிடமும் கேட்கவும் இல்லை. மேடம் சொன்னதைக் கேட்டு இவர் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

"கொஞ்ச நாளுன்னுதானுங் சொன்னேன்."

5. கமிட்டி

ஞாயிற்றுக்கிழமை விசேஷம் நடக்கவில்லை. சொந்தக்காரர்களுக்குப் போன் செய்து, பாப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று இவர் சொன்னார். சமையல்காரரிடம் நான் உண்மையைச் சொன்னேன். அவர் அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "எங்கூட்லயும் ஒரு பொண்ணு இருக்குதுங்" என்று மட்டும் சொல்லிப் போனார். பிசைந்த மாவைச் சுட்டே தீர வேண்டியிருந்தது. ஒரு வாரம் முறுக்குத் தின்றோம்.

செந்தில் வாங்கி வைத்திருந்த சீர்த் தட்டுகளை வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டான். "நான் மாமன் இல்லீன்னு எல்லாரும் சொல்லீட்டாங்கல்ல, உடுக்கா," என்றான். அவன் எங்களிடம் கோபித்துக்கொண்டதே இல்லை. அதுவும் அந்த வாரம் நடந்தது.

கமிட்டிக்கு நானும் இவரும் போனோம். மூன்று பேர் மேஜைக்குப் பின்னால் இருந்தார்கள். நடுவில் இருந்த அம்மா ரிப்போர்ட்டைப் படித்துவிட்டு, போர்டைப் பற்றி அதிகம் கேட்கவில்லை.

"கடைசி ரெண்டு கிளாசுக்கு எந்தா வராஞ்ஞது?"

"தேங்கா போடற ஆளு அன்னைக்குத்தானுங் வந்தான்," என்றார் இவர்.

"தேங்காய் மறுநாள் போடலாமே?"

"ஆளு கெடைக்கறதில்லீங் மேடம்."

ஓரத்தில் இருந்த ஒருவர், "அது உண்மைதான்" என்றார் மலையாளத்தில். அவருக்கும் தோப்பு இருக்கும் போல. நடுவில் இருந்த அம்மா அவரை ஒரு பார்வை பார்த்தார். அறையில் யாரும் சிரிக்கவில்லை. நான் மட்டும் சிரித்துவிட்டு உடனே அழுதேன். எனக்கே அவமானமாக இருந்தது.

முடிவு இப்படி வந்தது. இப்போதைக்குப் பாப்பா எங்களிடம் இருக்கலாம். மாதாந்திர வகுப்புக்கு இருவரில் ஒருவராவது கட்டாயம் வர வேண்டும். அனுபவமுள்ள ஒரு வளர்ப்புப் பெற்றோர் எங்கள் வீட்டுக்கு அடிக்கடி வந்து போவார். ஜமீலாக்கா தானே கேட்டு அந்தப் பொறுப்பை எடுத்துக்கொண்டார். தாய்மாமா எங்கள் வீட்டுக்கு வந்து, மேடம் முன்னிலையில் குழந்தையைப் பார்க்க வேண்டும். அவர் என்ன சொல்கிறார் என்று கேட்ட பிறகுதான் மீதி.

மாமா தேதி சொல்லும் வரை நான் நன்றாகத் தூங்கவில்லை. ஜமீலாக்கா பஸ் ஏறி வந்து என்னோடு வெங்காயம் உரிப்பார்.

"கூட்டீட்டுப் போயிட்டா நான் என்னுங்க்கா பண்ணுவேன்?"

"அழுவ. நானும் கூட உக்காந்து அழுவேன். ஆனா இப்ப அவ முன்னாடி அழாத. உம் மூஞ்சியப் பாத்துத்தான் அவ, மாமன் வந்தா சந்தோசப்படலாமா கூடாதான்னு முடிவு பண்ணுவா."

இந்த ஒரு வாக்கியத்துக்காக எத்தனை தேங்காயை வேண்டுமானாலும் மரத்திலேயே விடலாம். இதை எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை. வகுப்பில்கூட மேடம் இப்படிச் சொன்னதில்லை. இதே வேலையைச் செய்கிற இன்னொரு பெண் சொன்னதுதான் எனக்கு உதவியது. அன்று பாப்பா வந்ததும், "மாமாவுக்கு என்ன குழம்பு புடிக்கும் கண்ணு?" என்று கேட்டேன்.

"சரி" என்று சொல்லவில்லை. "கருவாட்டுக் கொழம்பு. ஆனா நீங்க வைக்க மாட்டீங்களே," என்றாள்.

எங்கள் வீட்டில் கருவாடு நுழைந்ததில்லை. இவரைப் பார்த்தேன்.

"வெச்சுட்டாப் போச்சு. கதவத் தொறந்து உட்டுக்கலாம்," என்றார்.

6. வந்தவர்

புதிதாக வருகிற வளர்ப்புப் பெற்றோரிடம் பேச இப்போது மேடம் என்னைக் கூப்பிடுகிறார். தெரியாத பைக் எதுவும் கேட்டருகில் நின்றால் இப்போதும் பாப்பா எங்கே என்றுதான் முதலில் தேடுகிறேன். புதியவர்களிடம் நான் சொல்வது இதுதான். முதல் பயிற்சியில் எல்லாம் தெரிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். ஒன்பது வயதுக்குச் சொன்ன பாடம் பன்னிரண்டு வயதுக்குப் போதாது. உங்கள் வீட்டு வழக்கம் எதுவோ, நீங்கள் யோசிக்காமலே செய்வது எதுவோ, அங்கேதான் தப்பு நடக்கும். அதைச் செய்யுமுன் ஒரு போன் போடுங்கள். மேடத்துக்கோ, உங்களைப் போன்ற இன்னொருவருக்கோ. கேட்பதில் வெட்கம் வேண்டாம். எங்களுக்குத்தான் பிள்ளை வளர்க்கத் தெரியுமே என்ற எண்ணம்தான் எங்களை அந்தப் போர்டு வரைக்கும் கொண்டுபோனது.

மாமா வருவதாகச் சொன்ன ஞாயிற்றுக்கிழமை, மேடம் முன்னதாகவே வந்துவிட்டார். செந்திலை நான் கெஞ்சி வரவழைத்தேன். மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போய்விடுகிறேன் என்று சொல்லித்தான் வந்தான். வாசலில் போட்டிருந்த கயிற்றுக் கட்டிலில் நடுவில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். உள்ளே கருவாட்டுக் குழம்பின் வாசனை. இவர் முகத்தில் ஒன்றும் காட்டவில்லை.

மாமா மறையூர், உடுமலை, பொள்ளாச்சி என்று பஸ் மாறி மாறி வந்து சேர்ந்தார். மலையிலிருந்து வந்தவருக்கு எங்கள் வெயில் தாங்கவில்லை. சட்டை நனைந்திருந்தது. போனில் கேட்ட குரலுக்கு நான் பெரிய ஆளாக நினைத்திருந்தேன். ஒல்லியாக, என்னைவிட இளையவராக இருந்தார். கையில் இரண்டு பை. ஒன்றில் உளுந்து, நல்லெண்ணெய், மறையூர் வெல்லம். இன்னொன்றில் ஒரு பாவாடைத் துணி.

பாப்பா என் பின்னால் நின்றாள். நான் நகர்ந்தேன். அவள் முன்னால் போய், தொடாமல் நின்று, "சாப்பிட்டீங்களா மாமா?" என்றாள்.

"இல்லத்தா," என்றார். பைகளை அவள் கையில் கொடுத்துவிட்டுத் தோளில் கிடந்த துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார். வியர்வையைத் துடைப்பது போலத்தான் துடைத்தார்.

இவர் பக்கத்தில் போனார். "கொஞ்ச நாள் கழிச்சு வாங்கன்னு நான் சொன்னது தப்புங்க. எப்ப வேணாலும் வாங்க."

மாமா தலையை மட்டும் அசைத்தார். மேடம் கேட்க வேண்டியதைக் கேட்டார்.

"குட்டியைப் பற்றி எந்தா நினைச்சு வந்திருக்கீங்க?"

வீட்டைப் பார்த்தார். பாப்பாவைப் பார்த்தார். அவள் பைக்குள் கையை விட்டு வெல்லத்தில் ஒரு விள்ளல் உடைத்து வாயில் போட்டுக்கொண்டிருந்தாள், யாரையும் கேட்காமல். அப்போதுதான் கட்டிலில் இருந்த செந்தில், இடம் கொடுக்க வேண்டும் என்று தோன்றியோ, ஓடிவிடலாம் என்று தோன்றியோ, சட்டென்று எழுந்தான்.

"நீங்க ஒக்காருங்ண்ணா. நான் கெளம்பறனுங்," என்றான்.

மாமா அவன் தோளில் கை வைத்து அழுத்தினார்.

"எந்திரிக்காதீக. புள்ள இங்கனயே இருந்து படிக்கட்டும். நீங்களும் மாமனாவே இருங்க. நானும் ஒக்காரணும், கொஞ்சம் தள்ளி ஒக்காருங்க, போதும்."